தொலைதூர விமானப் பயணம்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூரத்தில் இருக்கிற ஊருக்கு விமானத்தில் போகப்போகிறோம் என்றால் முதலில் கேட்பது இரண்டு கேள்வி. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது ஒன்று தெரிந்தால் மற்றதைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். விமானத்தில் அப்படி வராது. தூரம் ஒரே தூரம்தான், ஆனால் நேரம் போகிற திசையைப் பொறுத்து மாறும், மாதத்தைப் பொறுத்து மாறும், கீழே எந்த நாட்டில் போர் நடக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட மாறும். தூரத்தை மட்டும் பார்த்துப் பயணத்தைத் திட்டமிட்டு, கனெக்‌ஷன் விமானத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் "இந்த இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே இவ்வளவு கிலோமீட்டர்" என்று போட்டிருக்கிறதே, அது எந்தத் தூரம்?

பூமியின் மேற்பரப்போடு ஒட்டி அளந்த மிகக் குறைந்த தூரம். கணக்கில் இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு முனையை ஒரு ஊரிலும் மறுமுனையை இன்னொரு ஊரிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகப் போய் எந்தக் கோட்டில் படிகிறதோ அதுதான் பெருவட்டப் பாதை. அந்த நூலின் நீளம்தான் நீங்கள் இணையத்தில் பார்க்கிற எண். விமானம் உண்மையில் பறக்கிற தூரம் இதைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்கும். இதற்குக் கீழே குறையவே முடியாது.

நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். முழு சூத்திரத்துக்கு ஹேவர்சைன் என்று பெயர், அதற்கு இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும், கால்குலேட்டரில் சைன், கொசைன் தட்டத் தெரிய வேண்டும். ஆனால் சில ஜோடிகளுக்கு வெறும் கூட்டல், பெருக்கலே போதும். அப்படி ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன்.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வடக்கு 1.35 பாகை, கிழக்கு 103.99 பாகையில் இருக்கிறது. நியூயார்க் ஜேஎஃப்கே வடக்கு 40.64 பாகை, மேற்கு 73.78 பாகை. தீர்க்கரேகை இரண்டையும் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 178 வருகிறது. 180 வந்தால் இரண்டு ஊரின் தீர்க்கரேகைகளும் பூமியின் நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன என்று அர்த்தம். அப்படி இருக்கும்போது குறுக்கு வழி வட துருவத்தின் மேல்தான் போகும், வேறு வழி கிடையாது. சரி, நியூயார்க்கிலிருந்து துருவத்துக்கு 90 கழித்தல் 40.64, அதாவது 49.36 பாகை. துருவத்திலிருந்து சிங்கப்பூருக்கு 90 கழித்தல் 1.35, அதாவது 88.65 பாகை. மொத்தம் 138.01 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வைத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 15,346 கி.மீ. வழக்கமாகக் கொடுக்கப்படும் தூரம் 15,349 கி.மீ. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்ட கணக்கு இவ்வளவு கிட்ட வருவதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு தளத்தில் ஒரு எண், இன்னொரு தளத்தில் வேறு எண். எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரிதான், அலகுதான் வேறு. மேலே சொன்ன 15,349 கி.மீ. சாதாரண மைலில் சுமார் 9,540, கடல் மைலில் சுமார் 8,290. ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளும் விமானக் கட்டுப்பாட்டு மையங்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள், ஏனென்றால் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல், வரைபடத்தில் அளக்க வசதி. "மைல்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் வரை வித்தியாசம் வரும்.

அலகு ஒன்றாக இருந்தும் சில பத்து கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் பூமி சரியான உருண்டை இல்லை என்பது. நிலநடுக்கோட்டில் ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவத்தில் சுமார் 6,357. ஒருவர் உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டிருப்பார், இன்னொருவர் சற்றே தட்டையான உருவத்தை வைத்துக் கணக்கிட்டிருப்பார். அரை சதவீதத்துக்கு மேல் போகாது, கவலைப்பட வேண்டியதில்லை.

குறுக்கு வழி என்கிறீர்கள், ஆனால் வரைபடத்தில் விமானப் பாதை வில் மாதிரி வளைந்து போகிறதே?

வளைவது பாதை இல்லை, வரைபடம். உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடங்கள் எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். நாம் பள்ளியிலிருந்து பார்த்துப் பழகிய மெர்கேட்டர் வரைபடத்தில் இந்த இழுவை ரொம்பவே அதிகம். அதில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டால் அது உண்மையில் சுற்று வழி.

டோக்கியோ நரிட்டாவும் சான் பிரான்சிஸ்கோவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. வரைபடத்தில் இரண்டையும் படுக்கைக்கோடாக இணைத்து அதே அட்சரேகையிலேயே பறந்தால் சுமார் 8,670 கி.மீ. வடக்கே அலாஸ்கா பக்கம் எட்டிப் பார்ப்பதுபோல் வளைகிற பெருவட்டப் பாதையில் சுமார் 8,230 கி.மீ.தான். 440 கி.மீ. மிச்சம், அதாவது ஏறத்தாழ அரை மணி நேரம். எத்தனை பேர் "ஏன் இப்படிச் சுற்றிப் போகிறான்" என்று அலுத்துக்கொள்கிறார்கள் தெரியுமா. சுற்றவில்லை, மிச்சப்படுத்துகிறார்.

அப்படியானால் விமானம் அந்தப் பெருவட்டக் கோட்டிலேயே பறக்கிறதா?

இல்லை. அந்தக் கோட்டை ஆதாரமாக வைத்துக்கொண்டு, பல காரணங்களுக்காக விலகி விலகிப் போகும்.

முதல் காரணம் மூடிய வான்வெளி. இதை 2022-க்குப் பிறகு பயணம் செய்த பலர் உடம்பால் உணர்ந்திருப்பார்கள். உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு அதற்கு முன்னால் சுமார் ஒன்பதரை மணி நேரம். மூடிய பிறகு துருவத்தைச் சுற்றியோ தெற்கே இறங்கியோ போக வேண்டி வந்தது, நேரம் சுமார் 13 மணி ஆனது. இரண்டு ஊருக்கும் நடுவிலான தூரம் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை, பயணம் மட்டும் மூன்றரை மணி நீண்டுவிட்டது. இது புதிதும் இல்லை. பனிப்போர்க் காலத்திலும் சோவியத் வான்வெளியில் பறக்க முடியாமல் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டுதான் போயின.

இரண்டாவது காரணம், இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு உள்ள விதி. ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் மற்ற ஒரே எஞ்சினில் எத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடியும் என்பதற்கு வரம்பு உண்டு. இதை ஈடாப்ஸ் என்பார்கள். ஆரம்பத்தில் 60 நிமிடம்தான். 1985-ல் 120 நிமிடம் அனுமதித்தார்கள், 1988-ல் 180. இன்று போயிங் 787-க்கு 330 நிமிடம் வரையும் ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரையும் அனுமதி இருக்கிறது. அதனால் நடுக்கடலுக்கு மேல் நேராகப் போவது முன்பைவிட எளிதாகிவிட்டது.

மூன்றாவது, மலை. திபெத் பீடபூமியின் மேல் விமானங்கள் அதிகம் பறக்காததற்குக் காரணம் அவ்வளவு உயரத்துக்கு ஏற முடியாது என்பதில்லை, அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் சாதாரணமாகப் பறக்கின்றன. பிரச்சினை இறங்குவதில். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும், மேலேயிருந்து விழுகிற முகமூடிகளில் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் வரும். அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கே போய் இறங்குவார்?

அப்புறம் போக்குவரத்து. வட அட்லாண்டிக்கில் அன்றைய காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாகப் பாதைகள் வகுக்கிறார்கள். கனடாவின் கேண்டர், பிரிட்டன் பக்கத்து ஷான்விக் என்ற இரண்டு கட்டுப்பாட்டு மையங்கள் இதைச் செய்கின்றன. ஆக, நேற்று நண்பர் போன பாதையில் இன்று நீங்கள் போவீர்கள் என்று சொல்ல முடியாது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடாதா?

கிட்டத்தட்ட வரும், இரண்டு திருத்தங்களோடு.

நவீன நெடுந்தூர விமானங்கள் மாக் 0.85 அளவில் பறக்கின்றன, ஒலியின் வேகத்தில் 85 சதவீதம். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 56 டிகிரி, அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,062 கி.மீ. அதில் 85 சதவீதம் என்றால் சுமார் 900 கி.மீ. எனவே தூரத்தை 900-ஆல் வகுங்கள். அதோடு முக்கால் மணி நேரம் கூட்டுங்கள், ஏனென்றால் கேட்டிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, மறுபடி ஊர்ந்து கேட்டுக்கு வருவது எல்லாம் முழு வேகத்தில் நடப்பதில்லை. இது முதல் திருத்தம்.

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜேஎஃப்கேவுக்கும் நடுவே சுமார் 5,550 கி.மீ. 900-ஆல் வகுத்தால் 6 மணி 10 நிமிடம், முக்கால் மணி சேர்த்தால் 6 மணி 55 நிமிடம். ஆனால் லண்டனிலிருந்து மேற்கே போகும் டிக்கெட்டில் 8 மணியை ஒட்டிப் போட்டிருப்பார்கள், திரும்பி வருகிற டிக்கெட்டில் 7 மணியை ஒட்டி. அந்த ஒரு மணி நேரம்தான் இரண்டாவது திருத்தம். காற்று.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம். காற்றுக்கு அவ்வளவு சக்தியா?

நாம் தரையில் பார்க்கிற காற்று இல்லை இது. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், சரியாக விமானங்கள் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஆறு மாதிரி ஓடுகிறது ஜெட் காற்று. துருவத்துக் குளிர்ந்த காற்றும் தெற்கத்திய வெப்பக் காற்றும் சந்திக்கிற எல்லையில் இது உருவாகிறது. குளிர்காலத்தில் அந்த வெப்ப வித்தியாசம் கூடும், காற்றும் கூடும், சில நேரம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். கிழக்கே போகிற விமானம் அதற்குள் நுழைந்து மிதந்து போகும். மேற்கே போகிற விமானம் அதைத் தவிர்த்து ஒதுங்கிப் போகும்.

எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஒரு நாள் போதும். 2020 பிப்ரவரி 9 அன்று, சியாரா என்ற புயல் அட்லாண்டிக்கில் இருந்த நேரம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம், அதாவது தரையோடு ஒப்பிட்ட வேகம், மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது.

எனக்கு இதைவிடப் பிடித்தது டெல்லி–சான் பிரான்சிஸ்கோ கதை. ஏர் இந்தியா அந்த விமானத்தை முதலில் அட்லாண்டிக் வழியாக மேற்கே ஓட்டிக்கொண்டிருந்தது, பறக்கும் தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பாதையைத் திருப்பி பசிபிக் வழியாகக் கிழக்கே ஓட்டினார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆகக் கூடியது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து பதினாலரை மணி ஆனது. 1,400 கி.மீ. அதிகம் பறந்து இரண்டு மணி முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள் என்று யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடும், கணக்கு சரியாகிவிடும் அல்லவா?

சரியாகாது, கொஞ்சம் நஷ்டம்தான். அதே 5,550 கி.மீ.யை எடுத்துக்கொள்வோம், ஏறுவது இறங்குவதை விட்டுவிடலாம். காற்று மணிக்கு 100 கி.மீ. எதிர்க்காற்றில் வேகம் 800, ஆகவே 6 மணி 56 நிமிடம். பின்காற்றில் வேகம் 1,000, ஆகவே 5 மணி 33 நிமிடம். மொத்தம் 12 மணி 29 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து 12 மணி 20 நிமிடம்தான். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொண்டு இருக்கிறோம், பின்காற்று சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதனால்தான்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. மேற்கே பறந்தால் ஊர் தானாக நம்மை நோக்கி வர வேண்டுமே?

நல்ல கேள்வி, நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, அந்தக் காற்றுக்குள்தான் விமானம் பறக்கிறது. ஓடுகிற ரயிலுக்குள் முன்னும் பின்னும் நடக்கிற மாதிரி. பெட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க எந்தத் திசையிலும் ஒரே நேரம்தான் ஆகும். ஜெட் காற்று கிழக்கு நோக்கி ஓடுவதற்குப் பின்னால் பூமியின் சுழற்சி இருக்கிறது என்பது உண்மை, அந்த வழியில் மறைமுகமாகப் பங்கு உண்டு.

இருக்கைத் திரையில் வேகம் 1,150 என்று காட்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டோமா?

இல்லை. அது தரைவேகம். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு 900-ல்தான் போகிறது, காற்று தன் பங்குக்கு 250 சேர்த்துத் தள்ளுகிறது. ஒலியைத் தாண்டுவது என்பது காற்றோடு ஒப்பிட்ட கணக்கு. மேலே சொன்ன 747-ம் தாண்டவில்லை.

டிக்கெட்டில் போட்டிருக்கிற பயண நேரம் எதிலிருந்து எதுவரை?

கேட்டிலிருந்து கேட் வரை. விமானம் கேட்டை விட்டு நகர்கிற நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் கேட்டில் நிற்கிற நிமிடம் வரை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி வைப்பது வரை என்பதால் பிளாக் டைம் என்று பெயர். காற்றில் இருக்கும் நேரம் இதைவிடக் குறைவு, பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதே அரை மணி நேரம் ஆகலாம்.

நிறுவனங்கள் இதில் கொஞ்சம் கூடுதல் நேரமும் வைத்துத்தான் அட்டவணை போடுகின்றன. இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்கே போய்ச் சேருவதைப் பார்த்திருப்பீர்கள். விமானி வேகமாக ஓட்டியது காரணமாக இருப்பதைவிட இந்தக் கூடுதல் நேரம் காரணமாக இருப்பதுதான் அதிகம்.

இரவு 11:30-க்குக் கிளம்பி காலை 6:00-க்கு இறங்குகிறது. ஆறரை மணி நேரப் பயணமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழிக்கவே கூடாது. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு, அதாவது யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள், ஒருபோதும் தப்பு வராது.

உதாரணத்துக்கு சிங்கப்பூரில் இரவு 11:30-க்குக் கிளம்பி நியூயார்க்கில் மறுநாள் காலை 6:00-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், கோடைகாலம். சிங்கப்பூர் யூடிசியைவிட 8 மணி முன்னால், எனவே கிளம்புவது யூடிசி 15:30. நியூயார்க் கோடையில் யூடிசியைவிட 4 மணி பின்னால், எனவே இறங்குவது மறுநாள் யூடிசி 10:00. வித்தியாசம் பதினெட்டரை மணி நேரம். இதே கணக்கைக் குளிர்காலத்தில் போட்டால் நியூயார்க் 5 மணி பின்னால் போய்விடும், பத்தொன்பதரை வரும். கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுகிற நாடுகளுக்குப் போகும்போது இதைக் கவனிக்க வேண்டும். விமான அட்டவணைகளும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு என்று வருஷத்துக்கு இரண்டு முறை மாறுகின்றன, ஆகவே ஆறு மாதம் முன்னால் போனவர் சொன்ன நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று போட்டிருப்பார்கள், மறுநாள் என்று அர்த்தம். சில நேரம் +2 கூட இருக்கும். ஒருமுறை நான் அதைக் கவனிக்காமல் தேதியைச் சொல்லிவிட்டேன், எங்களை அழைத்துப்போக வந்த பெரியப்பா ஒரு நாள் முன்னதாக வந்து வருகைக் கூடத்தில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். கையில் பூச்செண்டு வேறு. அன்றிலிருந்து யாருக்காவது தேதி அனுப்பினால் கிழமையையும் சேர்த்து எழுதுகிறேன்.

கிளம்பின நேரத்துக்கு முன்னாலேயே இறங்க முடியும் என்கிறார்களே?

கடிகாரக் கணக்கில் முடியும். டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு சுமார் 7 மணி நேரப் பயணம். இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் 19 மணி. திங்கள் இரவு 9 மணிக்கு டோக்கியோவில் ஏறினால் அதே திங்கள் காலை 9 மணிக்கு ஹொனலுலுவில் இறங்குவீர்கள், நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியிருப்பீர்கள். திரும்பி வரும்போது அந்த நாளைக் கொடுத்துவிட வேண்டும். இந்தப் பக்கம் தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் எத்தனை மணி இடைவெளி என்று பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும், கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்ஸ்டாப், டைரக்ட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நான்ஸ்டாப் என்றால் எங்கும் இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது, அவ்வளவுதான். வழியில் ஒரு ஊரில் இறங்கி ஆளை ஏற்றிக்கொண்டு போகலாம், சில நேரம் உங்களையும் இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். பதிவு செய்யும் முன் "நிறுத்தங்கள்" என்ற இடத்தில் 0 இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவில் ஒரு ஊரில் மாறிப் போனால் நேரம் எவ்வளவு கூடும்?

மூன்றைக் கூட்ட வேண்டும். சுற்று வழியால் கூடுகிற தூரம், இன்னொரு முறை இறங்கி ஏறுவதற்கான நேரம், காத்திருப்பு. மாறுகிற ஊர் பெருவட்டக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் முதலாவது பெரிதாக இருக்காது. உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், நூலை ஒட்டி இருக்கிற ஊரில் மாறுவது நல்லது.

காத்திருப்பைக் குறைக்க ஆசைப்பட்டு ஒரு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. குளிர்காலத்து எதிர்க்காற்றுக்கே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். முக்கியமாக, இரண்டு விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களை ஏற்றிக்கொள்ளும் பொறுப்பு கிடையாது. ஒரே முன்பதிவில் இருந்தால் அடுத்த விமானத்தில் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இப்போது ஓடுவதில் நீளமான பயணம் எது? இதற்கு மேலும் போக முடியுமா?

2018-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்குப் பக்கத்து ஊரான நியூவார்க்குக்குத் தன் சேவையைத் திரும்பத் தொடங்கியது, 2020-ல் ஜேஎஃப்கே சேவையைத் தொடங்கியது. இந்த ஜேஎஃப்கே சேவைதான் நீளமானது, நான் மேலே கணக்குப் போட்ட 15,349 கி.மீ. இதுதான், அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். துருவத்தின் மேல் குறுக்கு வழி இருந்தும், காற்று சாதகமாக இருக்கிற நாளில் அதை விட்டுவிட்டு பசிபிக் பக்கமாகப் போவதும் உண்டு.

இதில் கஷ்டம் எரிபொருள்தான். தூரம் கூடக்கூட எரிபொருள் கூடும், அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். இந்தப் பயணத்துக்கு என்று செய்த ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தில் 1,65,000 லிட்டர் கொள்ளும். ஆனால் இருக்கைகள் 161 மட்டும்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. எடைக்காக ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள்.

மேலும் போக முடியுமா என்றால், பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் தூரமே இல்லை. சுற்றளவு 40,000, அதில் பாதி. ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் 2019-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஆட்கள் குறைவாக ஏற்றிச் சோதனையாகப் பறந்து 19 மணி 19 நிமிடத்தில் சேர்ந்தது. 1947-ல் இதே நிறுவனம் சிட்னி–லண்டன் சேவையைத் தொடங்கியபோது டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, ட்ரிபோலி என்று நின்று நின்று நான்கு நாள் ஆனது.

விமானம் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா?

கூடும், ஆனால் மிகக் கொஞ்சம். 11 கி.மீ. உயரத்தில் வட்டம் 0.17 சதவீதம் பெரிது. 15,000 கி.மீ. பயணத்துக்கு 26 கி.மீ., இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

பெருவட்டத் தூரம் பயணிக்கு வேறு எதற்காவது பயன்படுமா?

பணத்துக்குப் பயன்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதிப்படி, அங்கேயிருந்து கிளம்பும் விமானமோ, அங்கே வந்து சேரும் ஐரோப்பிய நிறுவன விமானமோ, நிறுவனத்தின் பொறுப்பில் வரும் காரணத்தால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. தொகை தூரத்தைப் பொறுத்தது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. நெடுந்தூரத்தில் தாமதம் நான்கு மணிக்குள் இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். இந்தத் தூரத்தை எப்படி அளப்பது என்பதையும் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்: பெருவட்ட முறைப்படி. நடுவில் மாறிப் போயிருந்தாலும் முதலில் கிளம்பிய இடத்துக்கும் கடைசியாகச் சேர்ந்த இடத்துக்கும் நடுவிலான நேர்த்தூரம்தான் கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் சொன்னது. சுற்றி வந்த கிலோமீட்டரைக் காட்டி அதிகம் கேட்க முடியாது.

சேர்ந்த நேரம் எது என்பதிலும் வழக்கு நடந்திருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்ட நேரமா, கேட்டில் நின்ற நேரமா என்று வாதாடினார்கள். 2014-ல் வந்த தீர்ப்பு, குறைந்தது ஒரு கதவாவது திறந்து பயணிகள் வெளியேறலாம் என்று ஆன நேரம்தான் என்றது. தாமதமான விமானத்தில் மூன்று மணி நேரத்தை ஒட்டி இறங்குகிறீர்கள் என்றால், எழுந்து பையை எடுக்கும் முன் முன்கதவு திறக்கிற நிமிடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.